பல்செட்டும் பாவக் குண்டும்

"ஊதுங்க! அடிவயித்துலேர்ந்து ஊதுங்க! செஞ்ச பாவம் அத்தனையும் குண்டுக்குள்ள இறங்கணும்!"

ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். எட்டாவதும் ஒன்பதாவதும் தவிர மற்ற ஏழு பேரும் ஊதினார்கள். சோப்புக் கம்பெனியின் காயவைக்கும் கூடத்தில், ஆளுக்கொரு கறுப்பு இரும்புக் குண்டை உதட்டருகே பிடித்துக்கொண்டு, கொதிக்கிற டீயை ஆற்றுகிற மாதிரி ஊதினார்கள். லேபிள் ஒட்டுகிறவர் ஊதிய வேகத்தில் எதிரே வேடிக்கை பார்த்தவரின் தொப்பி பறந்தது. மேஸ்திரி மட்டும் பட்டும் படாமல் ஊதினார். அதிகம் ஊதினால் அதிகம் இறங்கிவிடுமோ என்று பயம்.

எட்டாவதாக நின்றவள் எடைக்காரி. பக்கத்தில் ஒன்பதாவதாக நின்ற தன் புருஷனின் கையை அவள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தக் குண்டை இப்படிக் கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்கன்னா."

கொப்பரை மாஸ்டர் கொடுத்துவிட்டார். பதினோரு வருஷமாக இங்கே சோப்புக் கொப்பரை கிளறுகிறவர். பெண்டாட்டியிடம் ஒரு தரம்தான் காரணம் கேட்பார்.

எடைக்காரி இரண்டு குண்டுகளையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடினாள். அறுத்த சோப்புக் கட்டி ஒவ்வொன்றையும் தராசில் சோதித்துப் பெட்டிக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. தராசு சொல்வதற்கு முன்னால் அவள் கை சொல்லிவிடும். இப்போதும் சொன்னது. புருஷன் குண்டை வைத்த கை ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"நீங்க ஊதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. இப்பத்தான் மூச்சு இழுத்தேன்."

"உங்க பாவம் இன்னும் வயித்துலதான் இருக்கு. குண்டு அதுக்குள்ள கனக்குது!"

"ஏய்! குண்டை மாத்தாதே!" என்று பாய்ந்து வந்தார் எடைஞானி. கனத்த குண்டைப் பிடுங்கி மறுபடியும் மாஸ்டர் கையில் திணித்தார். "தெய்வக் காரியத்துல புருஷன் பெண்டாட்டி கைமாத்து எல்லாம் கிடையாது!"

எடைஞானியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு வரை தெரிந்தவர்களும் யாரும் இல்லை. மஞ்சள் அங்கி, அதில் பதினாறு பை. ஒரு பித்தளைத் தராசு, ஒரு வெல்வெட் பை, பைக்குள் ஒன்பது குண்டு, வாசலில் ஒரு வேன். இவ்வளவுதான் மூலதனம். எங்கே எது தொலைந்தாலும் சந்தேகப்படுகிற ஒன்பது பேரை நிற்க வைப்பார். குண்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். எல்லாரும் ஊத வேண்டும். குற்றவாளியின் குண்டில் பாவம் ஏறிக் கனத்துவிடும். அதை அவர் ஒன்பது தடவை எடை போட்டுக் கண்டுபிடிக்க மாட்டார். இரண்டே நிறுவை! அதுதான் அற்புதம். அதைப் பார்க்கத்தான் இன்று பாதித் தெரு ஜன்னல் கம்பியில் தொங்கியது.

தட்சணை கைக்காசாக வாங்க மாட்டார். அது பாவம். அந்தந்தத் தொழிலில் விளைவதை மட்டும் வேனில் ஏற்றிக்கொள்வார். எதிர்வரிசைக் குடைக்கடையில் இருபத்து நாலு குடை. நாற்காலிக் கடையில் ஆறு நாற்காலி. பற்றற்ற மனிதர், மழை வந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருபத்து நாலு குடை பிடிப்பார் போலிருக்கிறது. இங்கே எட்டுப் பெட்டி சோப்பு ஏற்கெனவே வேனுக்குப் போய்விட்டது.

அப்படி இங்கே என்ன தொலைந்தது என்கிறீர்களா? முதலாளியின் பல்செட்.

மேல்வரிசை. எஃகுத் தகட்டில் பதித்தது, முன்பக்கம் ஒரு தங்கப் பல். கல்யாண நாளுக்கு முதலாளியம்மா ஆசையாகச் செய்துபோட்டது. திங்கட்கிழமை மத்தியானம், கடித்துக் கடித்து ஈறு வலிக்கிறதே என்று கழற்றிக் கொப்பரை அறையில் ஒரு டம்ளரில் போட்டாராம். திரும்பிப் பார்த்தால் டம்ளர் இருக்கிறது, பல் இல்லை. அப்போது அந்த அறையில் இருந்தது கொப்பரை மாஸ்டர் மட்டும். இது முதலாளி தன் சம்சாரத்திடம் சொன்னது. அன்றிலிருந்து முதலாளிக்குக் கஞ்சிதான். 'சோப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தால் 'ஹோப்பு' என்று காற்று வருகிறது. அவமானம் தாங்காமல் நாலு நாளாக மனிதர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் கோட்டுப் பை இரண்டும் புடைக்க நாலைந்து சோப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். குளித்துக் குளித்துத் துக்கத்தை ஆற்றுகிறார் என்று பேச்சு.

"திருடன் தெரியாம நான் இந்தக் கம்பெனிக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன்" என்று சொல்லி எடைஞானியை அழைத்து வந்தவர் முதலாளியம்மாதான். சொன்னபடி, காலெடுத்து வைக்காமல் நாற்காலியோடு தூக்கி வரச் சொல்லி நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

எடைக்காரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். புருஷன் பெயர் வந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த வீடும் போகும். அதெல்லாம் கூடப் போகட்டும், இன்னொரு சோப்புக் கம்பெனியில் போய் நின்றால், "ஓ, பல்லுத் திருடரா? வாங்க" என்பார்களே! ஊர் உள்ளவரை அதுதான் பெயர்.

எடைஞானி தராசைக் கொக்கியில் மாட்டினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். இடது தட்டில் மூன்று குண்டு, வலது தட்டில் மூன்று குண்டு. மேஸ்திரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். தராசு ஆடி, ஆடி, சமமாக நின்றது.

"ஆறு பேரும் பத்தரை மாத்துத் தங்கம்!" என்றார் ஞானி. ஆறு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மேஸ்திரி தன்னைத் தானே கட்டிக்கொண்டார்.

மிச்சம் மூன்று. லேபிள்காரர் குண்டு ஒரு தட்டில். கொப்பரை மாஸ்டர் குண்டு இன்னொரு தட்டில். எடைக்காரியின் குண்டு ஞானியின் கையில்.

மாஸ்டரின் தட்டு பொத்தென்று இறங்கியது.

"ஹா!" என்றது ஜன்னல்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார்கள் அப்போதெல்லாம் எதையும் நினைக்காதவர்கள்.

"முதலாளி! சத்தியமா நான் எடுக்கலை. எனக்கு என் பல்லே முப்பத்திரண்டும் இருக்கு, இங்க பாருங்க!" மாஸ்டர் வாயைத் திறந்து காட்டினார். பாவம், அது திருடனின் திமிர்ச் சிரிப்பு மாதிரி இருந்தது.

முதலாளி தரையைப் பார்த்தார். "விட்டுடலாம்மா... போனா போகுது... பல்லுதானே" என்று காற்றாகச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க!" என்றார் முதலாளியம்மா. "மேஸ்திரி, இந்த ஆளுக்குச் சீட்டைக் கிழி!"

அப்போதுதான் எடைக்காரி வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, ஒரு நிமிஷம். சாமிகிட்ட ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பாவம் ஏறின குண்டை அடுத்த தடவை எப்படிச் சாமி பயன்படுத்துவீங்க? போன ஆள் பாவம் ஒட்டிக்கிட்டே இருக்குமே?"

எடைஞானி புன்னகைத்தார். இப்படிப்பட்ட கேள்விகள் அவருக்குப் பிடிக்கும். "நல்ல கேள்வி, மகளே. பாவத்தைக் கழுவணும். சுத்தமான தண்ணியில கழுவினா எல்லாக் குண்டும் பழையபடி ஒரே எடைக்கு வந்துடும்."

"அவ்வளவுதானே? இங்கயே கழுவிடலாம் சாமி. நாங்க சோப்புக் கம்பெனி."

கூடம் கொல்லென்று சிரித்தது. ஞானியின் புன்னகை மட்டும் ஒரு பக்கமாகக் கோணியது. "அது... அதுக்கு ஒரு முகூர்த்தம்..."

"கழுவுறதுக்கு என்ன முகூர்த்தம்?" என்றார் முதலாளியம்மா. "நம்ம சோப்புல போகாத அழுக்கு உண்டா? வாளியைக் கொண்டு வாங்க!"

வாளி வந்தது. நுரை வந்தது. எடைக்காரி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்பது குண்டையும் தேங்காய் நாரால் தேய்த்தாள். ஒன்றை மட்டும் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தாள். துடைத்தாள்.

"இப்ப பாவம் போயிடுச்சு. மறுபடி ஒரு தடவை ஊதிப் பார்த்துடலாம். என் புருஷன்தான் திருடன்னா இப்பவும் அவர்தானே வரணும்? ஆனா குண்டை நான் கொடுப்பேன். என் இடத்துல நான் நிக்கலை. எனக்குப் பதிலா சாமியே நிக்கட்டும்."

"நானா?"

"உங்களுக்குத்தான் பாவமே கிடையாதே, சாமி. பயம் எதுக்கு?"

"நில்லுங்க சாமி!" என்றது ஜன்னல். பக்தர்களைப் போலத் தொல்லை கொடுப்பவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. ஞானி எட்டாவது ஆளாக நின்றார்.

எடைக்காரி ஈரக் கையால் ஒவ்வொருவருக்கும் ஒரு குண்டு கொடுத்துக்கொண்டே வந்தாள். ஞானியின் கையில் குண்டு விழுந்ததுதான் தாமதம், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவருக்குத் தெரியாத கனமா அது? "அண்ணே, உங்க குண்டு அழகா இருக்கு, மாத்திக்கலாமா?" என்று பக்கத்தில் நின்ற லேபிள்காரரிடம் கிசுகிசுத்தார்.

"குண்டை மாத்தாதே!" என்று அலறினார் லேபிள்காரர். "தெய்வக் காரியம்!"

ஊதினார்கள். கொப்பரை மாஸ்டர் கண்ணில் தண்ணீர் வர ஊதினார். ஞானி மூச்சே விடவில்லை.

இந்தத் தடவை தராசைப் பிடித்தது எடைக்காரி. முதல் ஆறு குண்டு, மூன்றுக்கு மூன்று. சமம். மிச்சம் மூன்றில் மாஸ்டர் குண்டு ஒரு தட்டில், ஞானி குண்டு ஒரு தட்டில்.

ஞானியின் தட்டு பொத்தென்று இறங்கியது.

எடைஞானி தன் இரண்டு நிறுவை அற்புதத்தால் தன்னையே கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"சாமியா பல்லை எடுத்தாரு?" என்றார் ஜன்னலில் தொங்கிய ஒருவர். எவ்வளவு நடந்தாலும் நம்பிக்கை போகவில்லை, பாருங்கள்.

"இல்லை, இல்லை!" ஞானி பதறினார். "பழைய பாவம் போகலை! அழுக்கு அப்படியே நிக்குது! எல்லாம் இந்த மட்டமான சோப்பால வந்த வினை!"

அங்கேதான் அந்த மனிதர் தவறு செய்தார். முதலாளியை ஏமாற்றியிருக்கலாம், தொழிலாளியைத் திருடன் என்றிருக்கலாம். சோப்பைச் சொல்லிவிட்டார்.

"என் ஹோப்பையா?" என்று எழுந்தார் முதலாளி. நாலு நாளில் அவர் பேசிய முதல் உரத்த வார்த்தை. "எதுடா மட்டம்? என் ஹோப்பா மட்டம்?"

எடைக்காரி கனத்த குண்டை முதலாளியம்மாவின் மடியில் வைத்தாள். தேய்த்த இடத்தில் கறுப்புச் சாயம் உரிந்து, உள்ளே ஒரு சாம்பல் நிற வட்டம் தெரிந்தது. "குடைஞ்சு ஈயம் ஊத்தியிருக்காரு, அம்மா. பாவம் எல்லாம் இல்ல. யாருக்குக் கொடுக்கிறாரோ அவன்தான் திருடன்."

"அப்ப ரெண்டே தடவையில கண்டுபிடிக்கிறாரே, அது?" என்றார் முதலாளியம்மா.

"அதுக்கு ஞானம் எதுக்கு? மூணும் மூணும் வெச்சா, இறங்கின பக்கத்துல இருக்கு. சமமா நின்னா, வெளிய இருக்கிற மூணுல இருக்கு. அந்த மூணுல ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சா முடிஞ்சுது. நேத்து இவரு டீக்கடையில உக்காந்து 'யார் மேல சந்தேகம்'னு நாலு பேர்கிட்ட விசாரிச்சாரு. எல்லாரும் எங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லியிருக்காங்க. நீங்க சொன்ன பேரையே உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துட்டு, எட்டுப் பெட்டி சோப்பை ஏத்திக்கிட்டாரு."

குடைக்கடைக்காரர் ஜன்னலிலிருந்து குதித்தார். "அப்ப நான் போன வாரம் வேலையை விட்டுத் துரத்தின பொண்ணு?"

அவர் தலையில் அடித்துக்கொண்டே வெளியே ஓடினார். அந்தப் பெண்ணைத் தேடியா, தன் குடைகளைத் தேடியா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் எடைஞானியைக் காணோம். வெளியே வேனைச் சுற்றி நாற்காலிக் கடைக்காரர்கள் நின்றதால் அவரும் வெகுதூரம் போகவில்லை. மஞ்சள் அங்கியின் பதினாறு பையும் ஒவ்வொன்றாகக் காலியாகிற சத்தம் கேட்டது.

கதை இங்கே முடிந்திருக்கும். மேஸ்திரிதான் விடவில்லை.

"சாமி பொய். சரி. ஆனா பல்லு போனது நிஜம்தானே? அங்க இருந்தது மாஸ்டர்தானே?"

கூட்டம் தலையாட்டியது. சாமியார் போய்விட்டார், சாமியார் சொன்னது மட்டும் போகவில்லை.

எடைக்காரி பெருமூச்சு விட்டாள். அவள் மனசுக்குள் திங்கட்கிழமையிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. என்ன என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நானும் இப்போது சொல்லப்போவதில்லை. கூடத்து மூலைக்குப் போய் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். அதில் திங்கட்கிழமை கொப்பரையிலிருந்து தட்டில் வார்த்து அறுத்த சோப்பு இருந்தது. 'முதலாளி சொல்லும் வரை பெட்டியில் போடக் கூடாது' என்று ஒரு சீட்டு தொங்கியது.

சீட்டைப் பார்த்ததும் முதலாளியின் முகம் அவருடைய சோப்பைப் போல வெளுத்தது. "அது எதுக்கும்மா இப்போ? ஹும்மா விடு..."

"இதுல இருபத்தேழு கட்டி இருக்கு. நம்ம கட்டி ஒண்ணுக்கொண்ணு கடுகளவு வித்தியாசம் வராதுன்னு முதலாளி எப்பவும் பெருமையா சொல்வாரு. அது நிஜம். நான்தானே எடை போடுறேன். ஆனா இதுல ஒண்ணு கனமா இருக்கணும்."

"ஏன்?"

"சொல்றேன். மூணு தடவை எடை போட்டுக்கறேன்."

கிடங்கின் பெரிய தராசைக் கொண்டு வந்தார்கள். ஒன்பது கட்டி ஒரு தட்டில், ஒன்பது கட்டி மறு தட்டில். தராசு சமமாக நின்றது.

"ச்சே, ஒண்ணுமில்ல" என்றது ஜன்னல்.

"ஒண்ணுமில்லைன்னு தராசு சொன்னா, அதுவும் ஒரு பதில்தான். பதினெட்டுக் கட்டியை ஒரே மூச்சுல தள்ளிடுச்சு." மிச்ச ஒன்பதில் மூன்றுக்கு மூன்று வைத்தாள். இடது பக்கம் மெல்ல இறங்கியது. அந்த மூன்றில் ஒன்றுக்கு ஒன்று வைத்தாள். ஜன்னல் கழுத்தை நீட்டியது.

சமம்.

"போச்சு!" என்றார் மேஸ்திரி.

"எது போச்சு? தட்டுல இருக்கிற ரெண்டும் இல்லைன்னா, தட்டுல ஏறாதது எதுவோ அது." தராசில் ஏறாத கட்டியை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். "அறுங்க."

கொப்பரை மாஸ்டர் அறுக்கும் கம்பியை வைத்து அழுத்தினார். பாதியில் நெருடியது. இரண்டாகப் பிளந்தார்.

ரோஜா வாசனையோடு, தங்கப் பல் மின்ன, முழு மேல்வரிசையும் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

கூடம் அதிர்ந்தது. "எடையம்மா!" என்று யாரோ கத்தினார்கள். தொப்பி பறந்தவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "தாயே, என் சைக்கிள் சாவி ஆறு மாசமா காணோம்!" இன்னொருவர், "அம்மா, என் மச்சினன்..." என்று ஆரம்பித்தார். மேஸ்திரி அதற்குள் ஒரு நாற்காலியில் மஞ்சள் துணி விரித்துவிட்டார்.

"எழுந்திருங்கய்யா!" எடைக்காரிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஒருத்தன் காலை விட்டு எழுந்து முழுசா பத்து நிமிஷம் ஆகலை, அடுத்த காலைத் தேடறீங்களே! என் கால்ல என்ன இருக்கு? ஒன்பதை மூணா பிரிக்க ஞானம் வேணாம், கழுத்துக்கு மேல இருக்கிறதைக் கொஞ்சம் அசைச்சா போதும். அதைத் தொப்பி வைக்க மட்டுமா வெச்சிருக்கீங்க?"

தொப்பிக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

முதலாளியம்மா பல்செட்டைக் கழுவித் துடைத்தார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"ஆமா... டம்ளர்ல போட்ட பல்லு சோப்புக்குள்ள எப்படிப் போச்சு? அது இதுக்குள்ளதான் இருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எடைக்காரி புருஷனைப் பார்த்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். சுவரில், முதலாளி கையெழுத்தோடு, கண்ணாடி போட்ட அறிவிப்பு ஒன்று இருந்தது: 'வார்த்த தட்டின் மேல் தலையை நீட்டுகிறவர்களுக்குச் சீட்டு கிழிக்கப்படும்.'

"திங்கட்கிழமை எங்க வீட்டுக்காரர் நீராவிக் குழாயை மூட அந்தப் பக்கம் திரும்பியிருக்காரு, அம்மா. முதுகுக்குப் பின்னால ஒரு தும்மல் சத்தம் கேட்டுதாம். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மிச்சம் எனக்குத் தெரியும். ஒரு தட்டுக்கு நாற்பது கட்டி. அறுத்து எண்ணினது நான். திங்கட்கிழமை நாற்பது இருந்துது. இன்னைக்கு இருபத்தேழு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மத்த பதிமூணும் பொடிப்பொடியா நறுக்கி முதலாளி வீட்டுக் குளியலறைத் தொட்டியில கிடக்கும், போய்ப் பாருங்க. பாவம், ஒவ்வொண்ணா அறுத்துத் தேடியிருக்காரு. தராசு செய்யற வேலைன்னு தோணலை."

முதலாளியம்மா மெதுவாகத் திரும்பினார்.

முதலாளி பல்செட்டை வாங்கி வாயில் மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தார். நாலு நாளுக்குப் பிறகு வார்த்தை சுத்தமாக, ரோஜா வாசனையோடு வந்தது.

"சோப்பு வாசனை பார்க்கத்தான் குனிஞ்சேன்... தும்மிட்டேன்."